இடியாப்பத்துக்குப் போன கால் மணி நேரம்

பத்து பாகாட்டில் வசிக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி கேப்ரியல் அவர்களுக்கு,

மாசாயிலிருந்து மகேஸ்வரன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே என் இரண்டு முழங்கால்களைத் தவிர எல்லாரும் நலம். அங்கே தாங்களும் கெர்ட்ரூட் அம்மாவும் மாப்பிள்ளை திமோத்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

கோயிலில் தாலி, சர்ச்சில் மோதிரம் என்று பெரிய விஷயத்தையெல்லாம் நாம் ஒரே தேநீரில் பேசி முடித்தோம். விருந்து எந்த ஊரில் என்பதில்தான் இழுத்துக்கொண்டே போனது. நான் ஜொகூர் பாரு மாரத்தானை ஆறு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தால் மாசாயில், இல்லாவிட்டால் பத்து பாகாட்டில் என்று தாங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் சிரிக்காமல் கை கொடுத்தேன். இந்தத் தாமான் குடியிருப்பில் நாற்பது வருஷமாக எத்தனை வீட்டு விருந்தில் கை நனைத்திருக்கிறேன். என் ஒரே மகள் ஷாமளாவின் விருந்துக்கு அவர்களையெல்லாம் என் ஊரில் உட்கார வைத்துப் பரிமாற வேண்டாமா? ஆசை அவ்வளவுதான்.

பயிற்சியில் நான் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கிவிடுவேன். ஆனால் மாசாயில் ஒருத்தன் கால்நடையாகப் போனால் அவன் மோட்டார் சைக்கிள் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அர்த்தம். ஷிப்ட் முடிந்து வரும் பக்கத்து வீட்டு தீபன் வண்டியை நிறுத்துவான். "அலமாக், அங்கிள், நீங்க நடந்து போக நான் வண்டியில போறதா? ஏறுங்க லா" என்பான். ராத்திரியெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏறிவிடுவேன். அவன் வராத நாளில் வேறு யாராவது. இருந்தாலும் நடுநடுவே ஓடவும் செய்தேன்.

போட்டியில் ஓடியும் நடந்தும் முப்பதாவது கிலோமீட்டர் வரை கணக்காகத்தான் வந்தேன். அங்கே சாலையோரம் தங்கள் குடும்பமே தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் மாதிரி மேசை போட்டு நின்றது. கெர்ட்ரூட் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "சம்பந்தி, பொண்ணு குடுக்குறவரு வெறும் வயித்துல ஓடுனா எங்களைத்தானே ஊர் பேசும்? ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார்கள். சம்பந்தி வீட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடினால் பேரன் பிறந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்குமா? உட்கார்ந்தேன். இடியாப்பம் வந்தது, கோழிப் பிரட்டல் வந்தது. போதும் என்று தட்டைக் கையால் மறைத்தேன், விரல் இடுக்கில் குழம்பை ஊற்றினார்கள். தாங்களோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "மெதுவா சாப்பிடுங்க, விக்கிக்கப் போகுது" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் ஓடவில்லை சம்பந்தி, இடியாப்பத்தைச் சுமந்தேன். எல்லையைத் தொட்டபோது ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்பது நிமிடம்.

சாப்பிட்டது கால் மணி நேரம். அதைக் கழித்துப் பாருங்கள், நான் ஜெயித்தவன். ஆகவே விருந்து மாசாயில்தான். இதிலிருந்து ஒரு அங்குலமும் நகர மாட்டேன். கால் வீக்கத்தில் நகரவும் முடியாது.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். கெர்ட்ரூட் அம்மாவுக்கு வணக்கம் சொல்லி, பிரட்டல் அருமை என்றும் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
மகேஸ்வரன்

பின்குறிப்பு: இதை ஷாமளாவின் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முதல் நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் நான் தீபன் வண்டியிலிருந்து இறங்கினேன் அல்லவா, அன்றைக்கே அவளும் கெர்ட்ரூட் அம்மாவும் போனில் பேசிப் பத்து பாகாட் மண்டபத்தைப் பிடித்துவிட்டார்களாம். இடியாப்பமும் இவள் சொல்லித்தானாம், நான் வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாதென்று. மாசாய் ஜனங்களை ஏற்றிவர பஸ்ஸும் பேசியாகிவிட்டது. நான் மட்டும் வேண்டுமானால் ஓடியே வரலாமாம்.