பெரட்டு எடுத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் கம்பெனியின் கோவைத் தலைமை ஆபீசிலிருந்து வரவேண்டிய பாடம் அன்றும் பஸ்ஸில் வரவில்லை. அது வந்தால்தான் சுலோச்சனா டீச்சருக்குக் கம்ப்யூட்டரே தெரியும். குன்னூர்க் கிளைக்குக் கம்ப்யூட்டர் இன்னும் வந்து சேரவில்லை. சுவரில் அதன் படம்தான் இருந்தது. ஆனாலும் இந்த வேலையை விட முடியாது. விட்டால், அம்மா பார்த்து வைத்திருக்கும் திருப்பூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

"டீச்சர், கம்ப்யூட்டருக்கு உள்ளுக்குப் போட்ட எண்ணு ராவுல காணாமப் போனா எப்புடித் தெரியும்?" என்று கேட்டார் அழகையா. தேயிலை பேக்டரி வேலை முடிந்து படிக்க வருபவர். டீச்சர் வாயைத் திறந்தாலே எழுத ஆரம்பித்துவிடுவார்.

சுலோச்சனா ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே, தினமும் காலையில் தோட்டத்து ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக் களம் தெரிந்தது.

"காலையில பெரட்டு எடுக்கோணுங்க. ஒவ்வொரு எண்ணா கூப்பிட்டு, வந்திருக்குதான்னு பாக்கோணும்."

"வராத எண்ணுக்கு?"

"லீவு போட்டுருங்க."

"சம்பளத்தோடயா?"

"பாதி," என்றாள், வியர்த்துப்போய்.

அடுத்த வாரம் பாடம் வந்தது. பிரித்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். 'உலகின் புத்தம்புதிய முறை: எண்களுக்குப் பெரட்டு. வராத எண்ணுக்குப் பாதிச் சம்பளம்.'

சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. தெரியாமலே உண்மையைச் சொல்லிவிட்டோமா? இத்தனை நாளாய்த் தனக்குள் உட்கார்ந்திருந்தது யார்? துணிச்சல் ஏறியது. அன்று எண்களுக்குப் பிரசவ லீவு கொடுத்தாள். பிறக்கும் சின்ன எண்களை ஆயா வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் மேனேஜர் ஞானசேகரனே பாடக் கட்டோடு வந்து இறங்கினார்.

"அறிவு இப்ப குதிரை வேகத்துல ஓடுதுங்க! போன மாசப் பாடம் இந்த மாசம் குப்பை. இதோ பாருங்க, எண்களுக்குப் பிரசவ லீவு!"

"அதைப் போன வாரமே டீச்சர் நடத்திட்டாங்களே சார்," என்றாள் முன் பெஞ்சு சாந்தாமணி, பெருமையாக.

ஞானசேகரனின் முகம் கறுத்தது. "அச்சாகறதுக்கு முந்தியேவா? ஏனுங்க, கம்பெனி ரகசியத்தைத் திருடுனீங்களா?"

"ஐயோ, இல்லீங்க சார். எனக்கா தோணுச்சுங்க."

"உங்களுக்கா? எங்க வெளிநாட்டு நிபுணர் தபால்ல எழுதி அனுப்பற சரக்குங்க இது! அவரு மூஞ்சிய நானே பாத்ததில்லை. நாளைக்கிருந்து நீங்க வர வேண்டாம்."

சுலோச்சனா கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

பின் பெஞ்சிலிருந்து அழகையா மெல்ல எழுந்தார்.

"டீச்சரை ஏசாதீங்க சார். சிலோன்லருந்து கப்பல்ல வந்த அந்த வெளிநாட்டு நிபுணரு நான்தாங்க. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதித்தான் ஒங்களுக்குத் தபால்ல போடுறேன்."