என் ரத்தத்தில் இருந்த அபின்

கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் நான் போய்க்கொண்டிருந்தபோது என் முன்பக்கம் மட்டும்தான் மூடியிருந்தது. ஆபரேஷனுக்கு மாட்டிவிடுகிற பச்சை அங்கி. முதுகுப் பக்கம் நாடா, அதுவும் அறுந்துபோய்விட்டது. ஒரு கையால் பின்னால் துணியைச் சேர்த்துப் பிடித்திருந்தேன். இன்னொரு கையால் தொடையிடுக்கில் இறங்கியிருந்த குடலை அழுத்திக்கொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ்ஸில் யாரோ விசிலடித்தார்கள். கையாட்ட எனக்கு மூன்றாவது கை இல்லை.

ஓடுவது எனக்குப் பழக்கம்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஓடினேன். ராயகிரியில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையிலிருந்து ஓடினேன். அப்போதெல்லாம் இடுப்பில் வேட்டி இருந்தது.

இது எண்பது வாக்கில் நடந்தது. சங்கரன்கோவிலில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். குடலிறக்கம் வந்தது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்கினேன். ஒருநாள் மூட்டையோடு நானும் தரைக்கு வந்துவிட்டேன்.

“ஆபரேஷன் பண்ணாம இனிமே மூட்டையத் தொடாதே. குடல் சிக்கிக்கிட்டா உயிர் போயிரும்” என்றார் டாக்டர். தொடாவிட்டால் சோறு கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், மெட்ராஸில் மேல்படிப்புப் படிக்கிறவர். குடலிறக்கக்காரர்களின் ரத்தத்தை வைத்து ஏதோ ஆராய்ச்சி. கத்தி வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் எடுப்பார், வைத்த பிறகு கொஞ்சம் எடுப்பார்.

“எதுக்கு சார் இம்புட்டு ரத்தம்?”

“பயந்தா உடம்புல ஒண்ணு சுரக்கும். வலிச்சா இன்னொண்ணு சுரக்கும். அந்த ரெண்டாவது, அபின் மாதிரியே வேலை செய்யும், வலியை மரக்க வைக்கும். உன் ரத்தத்துல அது எவ்வளவு இருக்குன்னு மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்க்கப் போறேன்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அது மதுவிலக்குக் காலம். மாசக் கடைசியானால் கேஸ் குறைகிறதென்று, என்னைப் போல வீடு வாசல் இல்லாமல் திரிகிறவனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போவார்கள். (நான் அந்த வகையில் போலீஸுக்கு ஏற்கெனவே உதவி செய்தவன்.) சும்மா நின்றதற்கே லாக்கப் என்றால், உடம்பு பூராவும் அபின் வைத்திருப்பவனை என்ன செய்வார்கள்?

பக்கத்துக் கட்டிலில் தறி ஓட்டுகிற சுப்பையா அண்ணாச்சி படுத்திருந்தார். மெதுவாகக் கேட்டேன்.

“அண்ணாச்சி, அபின் கேஸுக்கு ஜாமீன் உண்டுமா?”

“கள்ளுக்கே கெடையாதுங்காவ. ஏலே, யாரும் கேட்டா உன்னைய எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன், ஆமா!”

அந்த நேரம் பார்த்து வார்டுக்குள் ஒரு ஏட்டையா நுழைந்தார். முழுக் காக்கி. டாக்டர் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கமாகக் கையை நீட்டினார். ஜன்னல் திறந்திருந்தது. மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். தொப்பியில்லாத காக்கி ஒன்று ஓடி வந்துகொண்டிருந்தது.

“ஏலே! நில்லுல!”

நான் வேகத்தைக் கூட்டினேன்.

“நில்லுங்கேம்லா! என்னால முடியலடா!”

ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. கைக்கு அடியில் வீக்கம் கல் மாதிரி இறுகியிருந்தது. அவர் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கைகளையும் நீட்டினேன். (அங்கி அதன் போக்கில் போயிற்று.)

“ஏட்டையா, நான் வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அது தானா ஊறுதாம்.”

“என்னதுல ஊறுது?”

“அபினு. ரத்தத்துல.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அபினே தெரிஞ்சுருமாலே? அப்பம் சாராயமும் தெரியுமே!”

முந்தின நாள் கேஸில் பறிமுதல் செய்த சாராயத்தில் கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறார். அவர் ரத்தமும் மெட்ராஸ் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெட்ராஸில்தானே பெரிய அதிகாரிகள் எல்லாரும் இருக்கிறார்கள்!

“அப்பம் நீங்க என்னையப் பிடிக்க வரலியா?”

“எனக்கும் குடலிறக்கந்தாம்ல. ஒனக்கு மறுபக்கத்துக் கட்டிலத்தான் டாக்டர் காட்டுனாரு. கத்தின்னா எனக்குப் பயம். நீ ஜன்னல்ல குதிச்சியா, சரி, வழி தெரிஞ்சவன் போறான்னு பின்னாலயே வந்தேன்.”

டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ எங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

“அசையாதீங்க ரெண்டு பேரும்! இப்படிப் பயந்த ரத்தம் எனக்கு எங்க கிடைக்கும்?”

பாலத்துச் சுவரிலேயே உட்காரவைத்து உறிஞ்சினார். அப்புறம்தான் என் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பருத்தி ஏற்றி வந்த டிராக்டரை மறித்து, என்னைத் தூக்கிப் பொதிமேல் போட்டார்கள். போன உடனே அறுத்தார்கள்.

“இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தா, திரும்பி வர உனக்கு டிராக்டர் தேவைப்பட்டிருக்காது” என்றார் டாக்டர். எனக்கு அது புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் தையலை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பாலத்து ரத்தத்தை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லையாம். எல்லாருடைய கணக்கும் ஒரு பக்கம் இருந்தால் எங்கள் கணக்கு இன்னொரு பக்கம் போய் நின்றதாம். மெட்ராஸ் வரை போன என் ஒரே பொருள், அதுவும் ஆகாதென்று ஆகிவிட்டது. இன்றைக்கும் காலில் முள் குத்தி நான் அலறினால் என் வீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “சொந்தச் சரக்கு வச்சிருக்க மனுசன், அவரே பாத்துக்கிடுவாரு” என்பாள்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் காலையில் தையல் சுரீரென்று இழுக்க நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்தார்.

“இனிமே கொஞ்ச காலம் மூட்டை தூக்கக் கூடாது. என்ன செய்யப் போறே?”

“தெரியல சார்.”

“வார்டு வாசல்ல உக்காரு. சோறும் சம்பளமும் தாரேன். ஓடப் போறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும்.”

வாசலில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். கையில் ஒரு கம்பு. டீ வருவதற்கு முன்பே, ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஏட்டையா சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தார். கம்பைக் குறுக்கே நீட்டினேன்.

“எங்கன போறீரு ஏட்டையா?”

“ஒண்ணுக்குப் போறேம்ல.”

“செருப்பக் கையில வச்சிக்கிட்டா?”

செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினார். சந்தேகத்தின் பேரில் நான் பிடித்த முதல் ஆள் அவர்தான்.