நுரை வராத சலவைத் தூள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றது எதுவும் நன்றாக இல்லை.

முதலில் ஒரு திருத்தம். நான் வீட்டை வெள்ளக்காடாக்கிவிட்டதாக மூத்த மருமகள் உன்னிடம் போனில் சொன்னாளாம். அது தவறு. வந்தது வெள்ளம் இல்லை, நுரை. முழங்கால் அளவுதான். தெரு வரைக்கும் போனது உண்மை. பக்கத்துத் தையல்காரர் தன் மிஷினைத் தூக்கி மேசைமேல் வைத்ததும் உண்மை. ஆனால் அவர் எப்போதுமே பதற்றக்காரர்.

இந்த வீட்டில் பதின்மூன்று பேர். உன் அத்தான் காலமான பிறகு சமையலறை மூத்தவளிடம் போயிற்று, மற்ற நிர்வாகம் பெரியவனிடம் போயிற்று. சலவை அறைச் சாவி மட்டும் என் இடுப்பில் இருக்கிறது. என் பேச்சு எடுபடுகிற கடைசி அறை அதுதான். ஆளுக்கொரு நாள், அவரவர் அழுக்குத் துணியை அவரவரே மிஷினில் போட வேண்டும், தூளை நான்தான் போடுவேன் என்பது அங்கே சட்டம்.

நம் சலவைத் தண்ணீர் பின்பக்கத்து வாய்க்காலில் மீனைக் கொல்கிறது என்று பேத்தி ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கே பழைய பாக்கெட்டை எல்லார் கண்முன்னாலும் குப்பைக் கூடையில் போட்டேன். மீனுக்குக் கெடுதல் இல்லாத தூளாக இருக்க வேண்டும், பதின்மூன்று பேருக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும். சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டேன். சின்னவனுடைய பேன்ட் ஆள் இல்லாமலே நின்றது. வினிகர் ஊற்றினேன், பெரியவன் பக்கத்தில் பஸ்ஸில் யாரும் உட்காரவில்லையாம், இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்படத் தெரியவில்லை அவனுக்கு. கடைசியில், நாமே டப்பா கொண்டுபோய் நிரப்பி வாங்கும் கடையில் ஒரு தூள் கிடைத்தது. வாசனை கிடையாது, நுரையும் கிடையாது. மூட்டையாக எடுத்தால் பாதி விலை. மூட்டையாகவே எடுத்தேன்.

மூன்று வாரம் துணியெல்லாம் பளிச்சென்று வந்தது. மூத்தவளின் நர்ஸ் சீருடை, மெக்கானிக் சின்னவனின் சட்டை உட்பட. நுரையைப் பார்த்து அழுக்குப் போய்விட்டதாக நம்புவது அறியாமை என்று, எனக்குப் பாடம் எடுத்த கான்வென்ட் சிஸ்டரின் தொனியிலேயே சாப்பாட்டு மேசையில் தினமும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து தலையாட்டியதே கிடையாது.

போன சனிக்கிழமை, வீட்டிலுள்ள படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடச் சொன்னேன். அன்றுதான் நுரை வந்தது.

வரிசையில் நிற்க வைத்து விசாரித்தேன். குப்பைக் கூடையிலிருந்த பாக்கெட்டை ஆளாளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். அவரவர் முறை வரும்போது துணிக்குள் ஒரு ஸ்பூன் சுருட்டி வைத்துவிடுவார்களாம். அன்று எல்லாருடைய ஸ்பூனும் ஒன்றாக இறங்கிவிட்டது. மூத்தவளின் மருந்துப் பெட்டியில் தூள், சின்னவனின் ஸ்பேனர் பெட்டியில் தூள், மீனுக்காக அழுதவளின் ஜியோமெட்ரி பாக்ஸிலும் தூள்.

சின்னவன், "உங்க கொள்கை எனக்குப் புரியுதும்மா. கிரீஸுக்குப் புரியலையே" என்றான். மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அத்தை மறைச்சோம். சாவிய எங்கிட்ட குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மூன்று வாரம் அந்த மேசையில் நான் பேசப் பேச, என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ வேதியியல் வாத்தியாராக இருந்தவன். உன் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். பொய் சொன்னவர்களிடம் சாவியைக் கொடுப்பது நியாயமா என்று நீயே சொல்.

உன் வீட்டுத் துணிகள் வெளுப்பாக இருக்கட்டும். உன்னிடம் யாரும் பொய்யாகத் தலையாட்டாமல் இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அக்கா

பின்குறிப்பு: ஸ்பூன் போட்டவர்கள் ஒன்பது பேர் என்று விசாரணையில் முடிவாயிற்று. உண்மையில் பத்து பேர். உன் அத்தானின் தலையணை உறையை இன்னும் வாரம் தவறாமல் துவைக்கிறேன். அதைப் புதுத் தூளின் சோதனைக்கு விட எனக்கு மனம் வரவில்லை. பாக்கெட்டைக் குப்பையில் போட்ட அன்று சாயங்காலமே அதில் முதலில் கை விட்டது நான்தான். என் பங்கு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தீர்ப்பைச் சொல். போன் செய்யாதே, இங்கே எல்லாம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்கள். கடிதமாகவே பதில் எழுது.