தையற்காரர் திறந்த எஞ்சின்

கரையை விட்டு நூறடி போவதற்குள் "கீ..." என்று சத்தம் கேட்டது. தையற்காரர் பதறிப்போய் எஞ்சினை அணைத்தார். அளவுக்கு மீறிச் சூடானால் எஞ்சின் அலறும், அப்போது ஓட்டினால் அதோடு சரி என்று படகை விற்றவர் எச்சரித்திருந்தார்.

"ஏன் மாப்ள நிறுத்திட்டீங்க?" என்று மஃப்ளரை விலக்கிக் கேட்டார் மாமனார்.

"எஞ்சின் சூடாயிடுச்சு மாமா" என்று உரக்கச் சொன்னார் தையற்காரர்.

அன்று திங்கள். வியாழக்கிழமை மாமனாருக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. இந்தத் தேதி தவறினால் அடுத்தது நான்கு மாதம் கழித்துத்தான். அதனால்தான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள்.

துடுப்புப் போட்டுக் கரை திரும்பியதும், "மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"இருபது வருஷமா தையல் மெஷினைப் பிரிச்சு மாட்டுறது யாரு? இதுவும் மெஷின்தானே."

சாயங்காலம் எஞ்சின் தண்ணீர் இழுக்கும் சல்லடையைத் தேய்த்துக் கழுவினார். தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். சத்தமில்லை. மறுநாள் காலை மாமனாரை ஏற்றினார். காற்று முகத்தில் அடித்ததும் "கீ..."

"உங்க பாரம் தாங்கல போல மாமா."

"நான் என்ன அரிசி மூட்டையா?"

மனைவியை ஏற்றிப் பார்த்தார். சத்தமில்லை. அவள் அப்பாவைவிடக் கனம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்து, சூட்டைத் தணித்த தண்ணீர் வெளியே பீய்ச்சும் துளைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். கம்பி உள்ளேயே முறிந்தது. கயிறு மாதிரி வந்த தண்ணீர் நூல் மாதிரி ஆனது.

புதன்கிழமை அடிப்பாகத்தையே கழற்றித் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தை மாற்றினார். அதைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் துண்டு, நகத்தளவுதான், கைதவறிச் சேற்றில் விழுந்தது. மூன்று மணி நேரம் துழாவினார். கடைசியில் மெஷின் ஊசி ஒன்றை வெட்டி அந்த இடத்தில் செருகினார்.

"ஊசியா?" என்றாள் மனைவி.

"நாளைக்கு ஒருநாள் தாங்கும்."

வியாழனன்று பாதித் தூரம்கூடத் தாண்டவில்லை. இம்முறை எஞ்சின் இரண்டு குரலில் அலறியது. பத்து மணிக்கு ஆபரேஷன். தையற்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஊசி முறிந்திருக்க வேண்டும். ஆவி கிளம்பியது, பின் புகை, பின் 'டக்' என்று ஒரே சத்தம். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அது அசையவே இல்லை.

மாமனார் மஃப்ளரை உருவிப் புகையை விசிறினார். பிறகு ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டார். மற்றதைத் தையற்காரர் எடுத்தார்.

அக்கரை தெரியத் தொடங்கியதும் மாமனார் சொன்னார். "போயும் போயும் ஒரு டெய்லருக்கா பொண்ணைக் குடுக்கணும்னு அன்னைக்குக் கேட்டேன். தப்பு மாப்ள. இந்தக் கிழவனோட கண்ணுக்காக மூணு நாளா கையைப் புண்ணாக்கிக்கிட்டிருக்கீங்க."

எஞ்சின் போனால் போகட்டும் என்று தையற்காரருக்குத் தோன்றியது. இன்னும் வேகமாக வலித்தார்.

பத்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஏசி குளிர் தாங்காமல் மாமனார் மஃப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"கீ..."

தையற்காரர் துள்ளி எழுந்தார். செத்துப்போன எஞ்சின் அரை மைலுக்கு அப்பால் படகுத்துறையில் கிடந்தது. வியர்த்துக் கொட்டியபடி ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்.

பெயர்ப் பட்டியலோடு வந்த நர்ஸ் மாமனார் பக்கம் குனிந்தாள். "மஃப்ளரை எடுங்க ஐயா. காதை இப்படி மூடினா காது மெஷின் விசிலடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."