புளி போட்டுத் தேய்த்த இன்ஜின்

அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஓர் இரும்பைத் துணியால் துடைக்க வேண்டும்.

சென்னையில் ஒரு தினசரியில் பதினெட்டு வருடம் அடுத்தவர் தவறுகளைச் செய்தியாக்கியவன் நான். 98-ல் மனைவி லதாவுக்கு நியூ ஜெர்ஸியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. எனக்கு, வேலையே பார்க்கக் கூடாது என்கிற விசா கிடைத்தது. அங்கே ஐசலின் என்ற ஊரில் ஒரு வீட்டின் மாடியில் குடியேறினோம். யாராவது ஒரு சின்ன வேலை சொன்னால் போதும், பாய்ந்துவிடுவேன். வினை அதுதான்.

சொன்னவர் கீழ்வீட்டுக் கதிர்வேல். கோயம்புத்தூர்க்காரர். வாரநாளில் கம்ப்யூட்டர், வார இறுதியில் அறுபதுகளில் செய்த ஒரு கார். அதைக் கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயத்தில், ‘ஸ்டாக்’ பிரிவில் ஓட்ட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை.

அந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை. இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். பரிசோதகர் பிரித்துப் பார்த்து முத்திரை வைத்தால்தான் ஓட்டலாம்.

ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு முறை போல்ட் புதிது என்று. மறுமுறை வண்டியின் காகிதம் பழையது என்று.

அவர் மனைவி மகேஸ்வரி தீர்ப்பே சொல்லிவிட்டார்: “சனிக்கிழமை முத்திரை விழுகலீன்னா வண்டிய வித்துப்போடோணும். எனக்கு கராஜு வேணும்.”

வெள்ளிக்கிழமை கதிர் ஆபீஸ் கிளம்பும்போது என்னிடம் ஓர் இரும்பைக் கொடுத்தார். இன்டேக் மேனிஃபோல்ட். காற்றும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் போகிற குழாய்க் கூடு. ஒரே அச்சில் வார்த்த, ஒரே அச்சு எண் பொறித்த இரண்டு வாங்கியிருந்தார். துருப்பிடித்ததை மகேஸ்வரி ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டார். நல்லது என் கைக்கு வந்தது.

“ஏனுங்ணா, மேல இருக்கற எண்ணெய்ப் பிசுக்க மட்டும் துணியில தொடச்சு வெச்சிருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்.”

துடைத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது!

மணி ஒன்பதரை. நாள் முழுக்க மிச்சம் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரே கறுப்பு. நாளைக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்து பார்க்கப்போகிற பொருளை இப்படியா வைப்பது?

விளக்கு தேய்க்கிற வீட்டில் பிறந்தவன் நான். நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய புளிப் பாக்கெட்டைப் பிரித்தேன். பாதியைக் கரைத்து ஊற்றி ஊற வைத்தேன். பிறகு கம்பி நாரைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு குழாயாகத் தேய்த்தேன். மூன்று மணி நேரம். முடித்தபோது உள்ளே என் முகம் தெரிந்தது. கொஞ்சம் கோணலாக, ஆனால் பெருமையாக.

சாயங்காலம் லதா கேட்டாள். “ஏங்க, புளி எங்க?”

“பாதி இருக்கு பாரு.”

“மீதிப் பாதி?”

“கார்ல.”

அவள் மிச்சப் புளியில் மறுநாளைக்குப் புளியோதரை கிளறினாள்.

கதிர் இருட்டியபின் வந்து, நான் மேனிஃபோல்டை வைத்து மூடியிருந்த டப்பாவைத் திறக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றினார். திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை பந்தயத் திடலுக்கு நானும் புளியோதரை டப்பாவோடு கூடப் போனேன். பரிசோதகர் பெயர் ரே. கையில் டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல ஒரு குட்டிக் கண்ணாடி. இன்ஜினை அங்குலம் அங்குலமாக அளந்தார். எல்லாம் சரி. காகிதமும் சரி.

கடைசியாக மேனிஃபோல்ட். டார்ச் அடித்தார். டார்ச் திருப்பி அவர் கண்ணிலேயே அடித்தது.

“இதை யார் செய்தது?”

“நான்தான் சார்!” என்றேன். “மூணு மணி நேரம்!”

கதிர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ரே விரலை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். “என்ன ஆசிட்?”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. குழாயை வழவழப்பாக்கினால் காற்று வேகமாகப் போகும், கார் பறக்கும். திருட்டுத்தனமாக ஆசிட் ஊற்றி அதைச் செய்கிறவர்கள் உண்டாம். பாலிஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது என்று விதி. நான் ஒரே பகலில் இரண்டையும் முடித்திருந்தேன்.

“ஆசிட் இல்ல சார், புளி. சாப்பிடற சாமான்!”

அவர் நம்பவில்லை. புளியோதரை டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது ஸ்பூனுக்குக் கை நீட்டிக்கொண்டே படிவத்தில் எழுதினார்: ஆசிட்.

“ஏனுங்ணா,” என்றார் கதிர் மெதுவாக, “தொடைக்கத்தானுங்க சொன்னேன்?”

ரேயும் இரக்கமுள்ளவர்தான். மூன்றாவது ஸ்பூனுக்குப் பிறகு சொன்னார்: “இதே அச்சு எண்ணில் யாரும் கைவைக்காதது ஒன்று இருந்தால், நாலு மணிக்குள் கொண்டு வா.”

கதிர் பொதுத் தொலைபேசிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

“மகேசு... அந்தக் கருவேப்பிலைத் தொட்டிக்கு அடியில... ஆமா, அதேதான்... தெரியும், முத்திரை விழுகலீன்னா வித்தறேன், இன்னைக்கு மட்டும் கொண்டா... ஐயோ, கழுவாத! தொடைக்கவும் வேண்டாம்! ஒண்ணுமே பண்ணாத!”

மூன்றே முக்காலுக்கு மகேஸ்வரி வந்தார், புடவைக் கடைப் பையோடு. உள்ளே துரு, மண், ஒரு வாடிய கறிவேப்பிலை. என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்: “அண்ணா, இத தொடைக்காம கொண்டார எனக்கு எவ்வளவு சிரமமா இருந்துச்சு தெரியுமுங்களா? வர்ற வழியெல்லாம் கை பரபரங்குது!”

ரே அச்சு எண்ணைச் சரிபார்த்தார். டார்ச் அடித்தார். கறிவேப்பிலையை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்தார். உள்ளே சொரசொரவென்று, வார்த்த நாளில் இருந்தபடியே இருந்தது.

“அழகு!” என்றார். முத்திரை விழுந்தது.

கராஜ் கதிருக்கே நிலைத்தது.

நான் தேய்த்தது இப்போது கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மகேஸ்வரி அதைப் புளி போட்டுத் தேய்க்கிறார். ஐசலினிலேயே பளபளப்பான தொட்டி ஸ்டாண்ட் அது, முத்திரைதான் இல்லை.