இந்தக் காய்ச்சல் யார் வீட்டுச் சொத்து

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகம் என்ற நம்பிக்கையில், மெத்தைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பேத்தி சிட்டுவுக்குச் சளியும் இல்லாமல் இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் தவணை தவறாமல் வந்ததே, காரணம் தெரிந்துவிட்டது. மூத்திரப்பையிலிருந்து கீழே போக வேண்டியது மேலே கிட்னிப் பக்கம் ஏறுகிறதாம். ‘விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது’ என்று பலகை மாட்டியவன் வீட்டில் இப்படி. அதை உறுதிசெய்ய, மெல்லிய குழாய் வழியாகப் பையில் மருந்துநீர் நிரப்பி, பிள்ளை படுத்தபடியே ஒன்றுக்குப் போகும்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இவள் போனால்தானே.

“மெத்தையில போனா தாத்தா திட்டுவாங்க.”

“இது மேசைடா தங்கம்” என்றார் படம் எடுப்பவர்.

“துணி விரிச்சிருக்கே. மெத்தைதான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. கெஞ்சினேன், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன், அந்தச் சத்தத்தில் எனக்குத்தான் அவசரம் வந்தது. எக்ஸ்ரே என்மேல் படாமலிருக்கப் போர்த்திவிட்ட ஈய அங்கியோடு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவள் சிரிக்க, சிரித்த சிரிப்பில் காரியம் முடிந்து படமும் கிடைத்ததாம்.

ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று உங்கள் மகள் முகம் வெளுத்து நின்றாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது கிரேடுதாங்க. கத்தியெல்லாம் வேண்டாம், வளர வளரப் பெரும்பாலும் தானா சரியாயிடும்” என்றார். நம் தொழிலில் இரண்டாம் தரத்தைத் தொடவே மாட்டேன். இங்கே ஐந்தாம் தரம்தான் மோசமாம், இரண்டு லேசானதாம். ராத்திரி கொஞ்சம் மருந்து, அடக்கி வைக்கக் கூடாது, மலச்சிக்கல் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே மூத்திரப் பரிசோதனை. அவ்வளவுதான். மருமகள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரே ஒரு விஷயம். இது குடும்பத்தில் ஓடக்கூடியதாம். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்கிறேன், உங்கள் பக்கம் யாருக்காவது உண்டா? எங்கள் பக்கம் எல்லாம் கருங்கல் உடம்பு. சரக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது வியாபாரி புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரு வீடும் நிறைந்து வாழ வேண்டும் என்று வேண்டும்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: என் மனைவி இதைப் படித்துவிட்டு, “நம்ம பையன் எட்டு வயசு வரைக்கும் இதே காய்ச்சல்ல கிடந்தானே. பல்லு முளைக்குதுன்னு சொல்லிட்டே இருந்தீங்க. எட்டு வயசுல பல்லுக் காய்ச்சலாங்க?” என்கிறாள். ஆகவே மேலே கேட்ட கேள்வியைக் கேட்காததாகக் கொள்ளவும். கிழித்துப் போடலாம் என்று பார்த்தால், உங்கள் மகள் அதற்கு முன்பே கடிதத்தைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டாளாம், பின்குறிப்பு இல்லாமல்.