அண்ணன் போன ப்ளேன் வடக்கே ஏறியது

நான் பி.எஸ்சி. புவியியல் படித்தவன். இதை எங்கள் ஊர் காத்திவாக்கத்தில் யாரிடமும் நான் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அண்ணன் குமாரை கம்பெனி பயிற்சிக்காக சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. துபாயில் ப்ளேன் மாறி, அங்கிருந்து பதிமூவாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். எங்கள் மீனவக் குப்பத்திலிருந்து ப்ளேன் ஏறிய முதல் ஆள் அவன்தான். (அதற்குமுன் தூரதேசம் பார்த்தவர்கள் எல்லாம் படகில் எல்லை தாண்டி மாட்டிக்கொண்டவர்கள்.)

ப்ளேன் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பை என் போனில் போட்டேன். அப்பா, அம்மா, அண்ணி செல்வி மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். "இப்படியே மேற்கே போவான். ஆப்பிரிக்கா, அப்புறம் கடல், அப்புறம் அமெரிக்கா" என்று மேப்பில் விரலால் கோடு இழுத்தேன். ப்ளேன் என் விரலை மதிக்கவில்லை. ஈரானைத் தாண்டி வடக்கே ஏறிக்கொண்டே போனது.

"இன்னாடா இது, ரஷ்யாவுல கீறான்?" என்றார் முப்பது வருஷம் போட் ஓட்டிய அப்பா. "காத்து தள்ளிக்கினு பூடுச்சா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். படித்தவன் அப்படிச் சொல்ல முடியுமா? "வழி தப்பிடுச்சுப்பா" என்றேன். நான் சொன்னதை நிரூபிப்பதுபோல, சில மணி நேரத்தில் வடதுருவத்துப் பக்கம் போய் ப்ளேன் ஆப்பிலிருந்தே காணாமல் போனது.

அம்மா அழ ஆரம்பித்தாள். எங்கள் குப்பத்தில் ஒரு படகு சொன்ன நேரத்துக்குத் தகவல் தராவிட்டால் சங்கத்து மைக்கில் அறிவிப்பார்கள். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன். "குமார் போன விமானத்தைக் காணவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உடனே வரவும்." மொத்தக் குப்பமும் வாசலில் கூடிவிட்டது. (வடதுருவம் வரைக்கும் படகில் தேடிப் போக எத்தனை கேன் டீசல் ஆகும் என்று ஒருத்தர் அக்கறையாகவே விசாரித்தார்.) நான் ஆப்பை மூடி மூடித் திறந்தேன். அவன் ஒருத்தன்தான் எனக்கு அண்ணன்.

அண்ணி மட்டும் அழவில்லை. வலையில் கட்டும் உருண்டை மிதவை ஒன்றை எடுத்துவந்தாள்.

"துபாய்ல பகல்னா அங்க ராத்திரின்னு அவுரு சொன்னாரு. அப்ப நேர் எதிர்ப்பக்கம்தான கீது தம்பி?"

"ஆமாம் அண்ணி."

மிதவையின் நடுவயிற்றுக்குக் கொஞ்சம் மேலே துபாய்க்கு ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் அதேபோல இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் நைலான் நூலை இழுத்துப் பிடித்தாள். பக்கவாட்டில் இருந்த நூல் வழுக்கி மேலே ஏறி, வடதுருவம் இருக்கும் உச்சியில் போய் நின்றது.

"வழி தப்பல மாமா," என்றாள் அப்பாவிடம். "இதான் கிட்டத்து வழி."

நான் நூலை வாங்கி மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் உச்சிக்கே போனது. உருண்டையில் கிட்டத்து வழி எது என்ற இதே கேள்விக்குப் பரீட்சையில் இரண்டுக்கு இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். எழுதியது என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் சிக்னல் எட்டும் இடம் வந்து ப்ளேனும் கனடாவுக்கு மேலே தலைகாட்டியது.

அதற்கப்புறம் அண்ணன் மூன்று தடவை போய்வந்துவிட்டான். என்றைக்கு, எந்த ப்ளேன் என்பது குப்பம் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் சொல்வதில்லை. கேட்டால் அண்ணி சிரிக்காமல் சொல்வாள்: "அவுரு எறங்கினதும் சொல்றேன் தம்பி. உனுக்கு பயம் ஜாஸ்தி."